கைப்பேசி வாத்தியார் வாழ்க!

கைப்பேசி வாத்தியாரே! பிரம்பெடுக்காத, குரல் உயர்த்தாத ஆசான் நீர். உம் பெருமையைச் சொல்ல ஒரு நாவு போதாது.

தவழும் வயதிலேயே பாடத்தைத் தொடங்கிவிடுகிறீர். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய தாய்க்கு இடுப்பு நோகும், கதையும் தீர்ந்துபோகும். உமக்கு அந்தக் குறை இல்லை. என்ன சாப்பிட்டோம் என்பதே தெரியாமல் பிள்ளை கிண்ணத்தைக் காலி செய்துவிடும்.

உம்மைப் போன்ற டிஜிட்டல் கருவிகளோடு வளர்ந்த பிள்ளைகளை 'டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள்' என்று அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி 2001இல் கொண்டாடினார்; ஆசிரியர்களைக் 'குடியேறிகள்' என்றார். முப்பது ஆண்டு பாடம் சொன்னவரை அவர் வகுப்பிலேயே வந்தேறியாக்கியது உம் மகிமை அல்லவா!

வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைத்துப் பழைய வாத்தியார்கள் பிள்ளைகளை வாட்டினார்கள். நீரோ விடையையும் வழிமுறையையும் நீரே எழுதித் தருகிறீர். பிள்ளைக்கு மிஞ்சுவது பார்த்து எழுதும் வேலை மட்டுமே.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நீரே பள்ளிக்கூடமானீர். வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போனால் வகுப்பும் அவரோடு போனது. வராத பிள்ளையைத் தேடி நீர் தெருவில் இறங்கவில்லை. உம்மைப் போன்ற பெரியவர்கள் இறங்க மாட்டார்கள். விட்டுப்போன படிப்பை மீட்க 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தமிழக அரசு தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆசிரியர்களையும் நீர் கைவிடவில்லை. வருகைப் பதிவு, 'எமிஸ்' என்னும் கல்வித் துறைத் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய படங்கள் என்று அவர்களை ஓயாமல் வேலை வாங்குகிறீர். பாடம் நடத்தும் சிரமமாவது குறையட்டுமே!

உமக்கு வராத வித்தை ஒன்றுண்டு. 'புரிந்தது' என்று தலையாட்டும் பிள்ளையின் கண்ணில் புரியாததைப் படிப்பது. அதே கணக்கை வேறு விதமாகப் போட்டுக் காட்டுவது. கற்பித்தல் என்பதே அதுதான்.

கருவியாக வந்த உம்மைக் குருவின் நாற்காலியில் உட்கார வைத்தவர்கள் நாங்கள். குற்றமும் எங்களுடையதே. பெற்றோரே, அதிகாரிகளே, கைப்பேசி மேசையில் துணைக்கு இருக்கட்டும். ஆசிரியரின் கண்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்.