வாய்வுக் காலமும் ஸ்கேன் காலமும்

எழுபதுகளில் எங்கள் தெருவில் பித்தப்பைக் கல் யாருக்கும் வந்ததில்லை, வந்ததெல்லாம் வாய்வுதான். பெரியம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துத் தோள்பட்டை வரை ஏறும் வலிக்கும் அதே பெயர். ஓமத்திரவம், பெருங்காயம், இஞ்சிக் கஷாயம் எல்லாம் தோற்ற பிறகே பெரியாஸ்பத்திரி. ராத்திரி மாத்திரை விழுங்கச் சொல்லிக் காலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பித்தக்கற்களில் பெரும்பாலானவை சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. மாத்திரையின் மருந்து பித்தப்பையில் சேர்ந்தால்தான் கல் பிடிபடும்.

பிறகு விலாவுக்குக் கீழே ஒரு சாண் கீறல். 1882-இல் பெர்லினில் லாங்கன்பூக் என்ற சர்ஜன் கண்ட அதே வைத்தியம்: கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடி கல் செய்யும், பையையே எடுத்துவிடு. பெரியம்மா படுத்துக் கிடந்த நாளெல்லாம் ஊரே சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்தது. மருந்துப் பாட்டிலில் போட்டுக் கொடுத்த கற்கள் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. மருமகள்கள் அதன்பின் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

எனக்கோ வலியே இல்லாமல் கல் வந்தது, மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஸ்கேனில். "தொந்தரவு தராத கல்லைத் தொட வேண்டாம்" என்றார் டாக்டர். "ஒண்ணும் வேண்டாம்னு சொல்றதுக்கா 500 ரூபாய்?" என்றாள் மனைவி.

சும்மா இருப்பதுதான் வைத்தியம் என்றால் உறவு விடுமா? மைத்துனர் வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வது, பித்தப்பைக்கு அது போக வழியே கிடையாது. சித்தி மகன் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சை பிழிந்து குடித்து, விழுந்த பச்சைக் 'கற்களை' வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டது என்றேன்; இன்றுவரை பேச்சில்லை. கரைக்கும் மாத்திரை நிஜமாகவே உண்டு. ஆனால் சுண்ணாம்பு ஏறாத சின்னக் கொழுப்புக் கல்லாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். நிறுத்தினால் பாதிப் பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் மறுபடி கல் வரும்.

கடைசியில் ஒரு கல்யாண பிரியாணி வலியை வரவழைத்தது. இனி பையை எடுத்துவிடலாம் என்றார் அதே டாக்டர். 1985-இல் எரிக் மூஹே என்ற சர்ஜன் ஜெர்மனியில் லேப்ராஸ்கோப்பி முறையில், துளைவழியே பித்தப்பையை எடுத்தபோது சக டாக்டர்களே மதிக்கவில்லை. 1990-இல் டாக்டர் உட்வாடியா மும்பையில் அதையே செய்தார். இன்று அது ஊருக்கு ஊர் நடக்கிறது. எனக்கு நான்கு துளை, மறுநாள் வீடு. பார்க்க வந்த பெரியப்பா மகன், நான் ஷேவ் செய்துகொண்டிருப்பதைக் கண்டு, வாங்கி வந்த ஆப்பிளில் ஒன்றைத் தானே கடித்தார்.

ஒரு மாதம் லீவு கேட்டிருந்தேன். மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: "லேப்ராஸ்கோப்பிதானே சார்? திங்கட்கிழமை ஆடிட் இருக்கு, வந்துடுங்க."