பின்விளக்கு சொல்லும் பாஷை

நியூ ஜெர்சி

அன்புள்ள மாமாவுக்கு,

அமெரிக்காவில் ரோடு ரூல் எல்லாம் கச்சிதமாமே என்று கேட்டிருந்தீர்கள். பின்விளக்கு விஷயத்தில் உங்கள் திருவொற்றியூர்தான் ஒரு படி மேல். நம்முடைய 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இண்டிகேட்டர் மஞ்சளாகத்தான் எரிய வேண்டும், ஐரோப்பாவிலும் அப்படியே. இங்கேயோ பின்னால் சிவப்பிலும் சிமிட்டலாம், சட்டமே விட்டிருக்கிறது. பிரேக்கும் சிவப்பு, இண்டிகேட்டரும் சிவப்பு என்றால் முன்னால் போகிறவர் நிற்கிறாரா, திரும்புகிறாரா என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் இண்டிகேட்டர் வைத்த கார்கள் திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து இடிபடுவது சுமார் 5 சதவீதம் குறைவு என்று இவர்களுடைய நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே 2009-இல் கணக்குப் போட்டுச் சொன்னது. சட்டம் அசையவில்லை. 1986 மாடலிலிருந்து கார்களில் நடுவே மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். கண்டுபிடிக்கலாம், மூன்று விளக்கையும் கூட்டிக் கழிப்பதற்குள் பம்பர் போயிருக்கும்.

இதற்காக நீங்கள் மார்தட்ட வேண்டாம். நம் ஊரில் மஞ்சள் சரியாக எரிகிறது, எதற்கு எரிகிறது என்பதுதான் தெரிவதில்லை. எண்ணூர் விரைவு சாலையில் டிரெய்லரின் வலது இண்டிகேட்டர் எரிந்தால் 'வலப்பக்கம் திரும்புகிறேன்' என்றும் கொள்ளலாம், 'ஏறிப் போப்பா' என்றும் கொள்ளலாம். தப்பாகக் கொண்டவன் டிரெய்லருக்கு அடியில். நாலும் சேர்ந்து சிமிட்டினால் வண்டி ரிப்பேர், இல்லையென்றால் சிக்னலில் நேராகப் போகிறார். நம்ம டிரைவர்களுக்குள் இதெல்லாம் புரியும் என்பீர்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வருகிற ஆந்திரா வண்டிக்கும், மீன்கூடையோடு டிவிஎஸ்ஸில் போகிறவருக்கும் யார் சொல்லிக்கொடுத்தது? பக்கத்திலேயே ராயபுரத்துக் கடலில் இந்தக் குழப்பமே இல்லை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது 1972 சர்வதேச விதி. எதிரே வருவது பனாமா கொடிக் கப்பலானாலும் காசிமேட்டு விசைப்படகானாலும் அதே அர்த்தம்தான்.

ஓடுகிற வண்டியாவது எதையோ சொல்கிறது. இருட்டில் ஓரங்கட்டி நிற்கிற டிரெய்லர் வாயே திறப்பதில்லை. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. மணலிப் புழுதி படிந்தால் மூன்றும் ஒரே நிறம். கேட்டில் மணிக்கணக்காக நிறுத்தி வைப்பது நாங்களா என்று டிரைவர்கள் கேட்பது நியாயமே. கியூ அவர்கள் குற்றம் இல்லை. ஆனால் நிற்கிற அந்த நேரத்தில் பட்டையைத் துடைக்கத் துறைமுகத்தில் பாஸ் வாங்க வேண்டியதில்லை. கிளீனர் கையில் ஒரு பழைய லுங்கித் துணி போதும்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்