ஓட்டுநர் இல்லாத ரயிலின் ஓட்டுநர்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது என்பார்கள். இருக்கிறார். சாயங்காலம் சுவா சூ காங்கில் ஏறி, முன்கண்ணாடியில் மூக்கு இடிக்கும் தூரத்தில் நிற்பார். வயது அறுபதுக்கு மேல். கையில் ரப்பர் பேண்டு போட்ட கோப்பிப் பை. வண்டிக்குள் குடித்தால் 500 வெள்ளி வரை அபராதம் என்பதால் வீடுவரை அது தொங்கிக்கொண்டேதான் வரும்.

அந்தப் பைதான் அவருக்குக் கருவி. அடுக்குமாடிகள் எழுந்த பிறகு, கிடைத்த சந்துகளில் நுழைத்துக் கட்டிய பாதை. நேராக ஓட இடமேது? கோப்பி இடப்பக்கம் சாய்வதற்கு ஒரு நொடி முன்பே அங்கிள் இடக்காலை ஊன்றிவிடுவார். புதிதாக ஏறியவர்கள் கம்பியைத் தேடிப் பக்கத்து ஆளின் தோளைப் பிடிப்பார்கள். "வளைவு வருது" என்று, எல்லாரும் விழுந்தபின் அறிவிப்பார்.

வண்டி வீடுகளை நெருங்கும்போது பக்கத்துச் சன்னல்கள் தாமாகவே மங்கிவிடும். குடியிருப்பவர்களின் அந்தரங்கம் காக்க அப்படியோர் ஏற்பாடு. இதில் அங்கிளுக்குத் தீராத மனத்தாங்கல். "உள்ளே என்ன இருக்கு பார்க்க? காயப்போட்ட கைலி. 1999லேருந்து போறேன், இன்னும் என்மேல நம்பிக்கை வரலை."

புக்கிட் பாஞ்சாங் நிலையத்தில்தான் உண்மையான சோதனை. 2015இல் டவுன்டவுன் ரயில் தடம் வந்ததிலிருந்து அங்கே கூட்டம் மொத்தமாக மேலேறி வரும். இருப்பதோ ஒன்றிரண்டு பெட்டி. கோப்பிப் பை தலைக்கு மேலே போகும். அடுத்த பத்து நிமிடம் அங்கிள் எல்ஆர்டியின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்: அசைவு, நெரிசல், முன்காலத்தில் நடுவழியில் நின்ற நாள்கள் எல்லாம் வரும்.

ஒருநாள் ஒரு இளைஞன் ஆமோதிக்கப் போனான். "ஆமா அங்கிள், படு மோசம்."

முகம் மாறிவிட்டது. "என்ன மோசம்? சிக்னல் உண்டா? ஜாம் உண்டா? வட்டப்பாதை தம்பி, தப்பான வண்டியில ஏறினாலும் வீடு வந்துரும். உன் பஸ் அப்படிக் கொண்டுபோய் விடுமா? ஃபஜார் ஸ்டேஷன்னா மலாய்ல விடியல், செஞ்சா ஸ்டேஷன்னா அந்தி. விடியலுக்கும் அந்திக்கும் நடுவுல ரெண்டே நிறுத்தம். எந்த ஊர்ல இருக்கு?"

இளைஞன் கைப்பேசிக்குள் ஒளிந்துகொண்டான். எனக்கும் அப்போதுதான் புரிந்தது, தன் வீட்டு மாட்டைத் தானே வையும் ரகம் இவர்.

பெண்டிங் நிலையத்தில் அவருடைய கைப்பேசி அலறியது. ஒரு கையில் கோப்பி, மறு கையில் கம்பி; வேறு வழியின்றிக் கம்பியை விட்டார். மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"பெண்டிங்."

"அது கல்யாணமான நாள்லேருந்து தெரியும். எந்த ஸ்டேஷன்ல இருக்கீங்கன்னு கேட்டேன்."

பதில் சொல்வதற்குள் கோப்பி வலப்பக்கம் சாய்ந்தது. அங்கிள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.