கடலை மறைத்த கருணை

பிரைட்டன் சென்டரே, இங்கிலாந்தின் தென்கரையில் உன்னைப்போல் அடக்கமான கட்டடம் வேறில்லை. கிங்ஸ் சாலையில் கடலுக்கு நேரெதிரே, எவரும் ஏங்கும் இடம் உனக்கு வாய்த்தது. அந்தப் பாக்கியத்தை நீ பறைசாற்றவே இல்லை. உன் பெரிய அரங்கில் சுமார் 4,500 பேர் அமரலாம். ஒருவர் கண்ணிலும் ஒரு துளிக் கடல் படாது. காசு கொடுத்து வந்தவரின் கவனம் சிதறக் கூடாதென்று உனக்கு அவ்வளவு அக்கறை!

பக்கத்திலேயே 1864-இல் எழுந்த கிராண்ட் ஹோட்டல், மாடிக்கு மாடி பால்கனி வைத்துக் கடற்காற்றை வா வா என்கிறது. சற்றுத் தள்ளி, ஜான் நாஷ் இந்தியக் கும்மட்டங்கள் சூட்டிய ராயல் பெவிலியன். அவற்றின் அழகு இன்று கூடுதலாகத் தெரிகிறதென்றால் அது உன் உபயம். கட்டிய பொருளையே முகமாகக் காட்டுவது புரூட்டலிசப் பாணியின் நேர்மை. அதில் நீ குறைவைக்கவில்லை. 1977-இல் பிரதமர் ஜேம்ஸ் காலஹன் திறந்து வைத்த நாள்முதல், குளிர்கால வானத்தின் சாம்பல் நிறத்தைக் கோடையிலும் ஊர் மறந்துவிடாதபடி காத்து வருகிறாய்.

உன் முன்யோசனையும் பெரிது. 1984 அக்டோபர் 12 அதிகாலை கிராண்டில் குண்டு வெடித்தது, ஐவர் மாண்டனர். அன்று காலையே கன்சர்வேட்டிவ் கட்சி மாநாடு உன் கூரையின்கீழ் தொடர்ந்தது, அப்போதைய பிரதமர் தாட்சர் பேசினார். அப்படியொரு நாளுக்கு இறுகிய சுவர் வேண்டியதுதான். அந்த ஒரு நாளுக்குரிய முகத்தையே, குழந்தைகள் ஆட்டம்பாட்டம் பார்க்க வரும் நாளிலும் நீ மாற்றாமல் வைத்திருக்கிறாய்.

விடை கொடுப்பதிலோ உனக்கு நிகரில்லை. பிங் கிராஸ்பி 1977 அக்டோபர் 10 அன்று தம் கடைசிக் கச்சேரியை உன்னிடம்தான் பாடினார். நான்காம் நாள் ஸ்பெயினில் காலமானார். தி ஜாம் குழு 1982 டிசம்பரில் உன் மேடையில் கடைசியாக வாசித்துக் கலைந்தது. குரல் அவர்களுடையது, புகழ் உன் கணக்கில்.

உன்னை இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்ற பேச்சு பல ஆண்டுகளாக வந்து வந்து போகிறது. விருந்தாளிகளை வாசல்வரை வந்து வழியனுப்பும் உத்தம வீட்டுக்காரரைப்போல, நீயோ எல்லோரையும் அனுப்பிவிட்டு அசையாமல் இருக்கிறாய். கண்ணெதிரே இருப்பதன் அருமை யாருக்கும் தெரிவதில்லை என்பார்கள். பிரைட்டன்காரர்களுக்கு அந்தக் குறை வராமல் பார்த்துக்கொள்ள உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?