எறக்கி விடுங்க சார்

கபடி டீமில் 12 பேர். களத்தில் ஏழு. மிச்சம் ஐந்து பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்; அவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது. அதில் ஒருத்தியின் அப்பா வேலியோரம் நிற்பார். தொல்லை அங்கேதான்.

பி.டி. வாத்தியாராக இருந்த யாருக்கும் இவரைத் தெரியாமல் இருக்காது. வாலிபாலில் இருப்பார், கோ-கோவில் இருப்பார். மருங்காபுரிப் பக்கம் எனக்கு வாய்த்தவர் மாட்டுத் தரகர். மணப்பாறைச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தே விலை பேசிப் பழகியதில், எதையும் வாயால் கேட்கிற வழக்கம் விட்டுப்போனவர்.

குறுவட்டப் போட்டியன்று காலையில் "வணக்கம் சார்" என்று என் கையைப் பிடிப்பார். பிடித்த கையை விடமாட்டார். தோளில் கிடந்த துண்டு எப்போது இறங்கி இரண்டு கையையும் மூடியது என்றே தெரியாது. உள்ளே என் ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து. மகளுக்கு ஐந்து நிமிஷம். முகம் மட்டும் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. பாசக்கார மனிதர் என்று நினைத்தேன். கூச்சத்தில் என் சுண்டு விரல் லேசாக நெளிந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அன்று அந்தப் பிள்ளையை இறக்க முடியவில்லை. அவ்வளவுதான், கணக்கு ஏறிவிட்டது. அடுத்த மேட்சில், "பழைய பாக்கி ஒண்ணு, இன்னைக்கு அஞ்சு, ஆக ஆறு" என்று துண்டுக்குள் இரண்டு கையாலும் நெரித்தார். பேரம் படியாவிட்டால் சந்தையில் கையை உருவிக்கொள்ளலாம். வாத்தியாருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நானும் விதியைச் சொல்லிப் பார்த்தேன். "பொம்பளப் புள்ளைங்க ஆட்டம் பாதிக்கு 15 நிமிஷம்தாண்ணே. நெனச்ச நேரத்துல ஆளை மாத்த முடியாது. டைம் அவுட் கேக்கணும். அது பாதிக்கு ரெண்டுதான்."

"அப்பக் கேளுங்க சார்."

கபடி தெரியாத மனிதராக இருந்தால் சமாளித்துவிடலாம். இவர் மாட்டுக்கண்ணோடு பார்ப்பார். "லெஃப்ட் கார்னருக்கு இந்தப் புள்ள ஜோடி சேரல சார். ஒண்ணு இழுக்குது, ஒண்ணு நிக்குது. எம் மவளப் பூட்டிப் பாருங்க." எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த மூன்று பாயின்டும் அந்த மூலையில்தான் போயின. எரிச்சல் இன்னும் கூடியது.

கடைசி ஆயுதமாகச் சர்டிபிகேட்டை எடுத்தேன். ஆடினாலும் உட்கார்ந்தாலும் 12 பேருக்கும் ஒரே காகிதம்தானே என்றேன். அன்றைக்குத்தான் துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டுப் பேசினார்.

"போன தையில ஜல்லிக்கட்டுக்கு ராத்திரியே காளையக் கொண்டுபோயி வரிசையில நின்னேன் சார். கையில டோக்கன் இருக்கு. எங்க முறை வரங்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. அவுக்காமலே வண்டியில ஏத்திக் கொண்டாந்தேன். வீடு வர்ற வரைக்கும் அது தரையைக் கீறிக்கிட்டே வந்துச்சு. அதுக்கு என்ன காகிதத்தக் காட்டுறது?"

நான் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜூனிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்து பிள்ளைகள் முழங்காலைத் தேய்க்கிறார்கள். போட்டியோ நாக் அவுட். ஒரு மேட்ச் தோற்றால் பஸ் ஏற வேண்டியதுதான், வருஷம் முடிந்தது. இடைவேளையையும் சேர்த்து 35 நிமிஷத்துக்குள் ஐந்து பேரை எங்கே நுழைப்பது? லீக் முறையில் நாலு மேட்ச் வைத்தால் எல்லாப் பிள்ளைக்கும் மண் ஒட்டும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். மைதானம் கிடைக்காது, நாள் கிடையாது என்றார்கள். அவர்களிடம் யாராவது துண்டைப் போட்டுப் பேசினால் தேவலை.

இந்த வருஷம் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. "வணக்கம் சார்." துண்டு இறங்கியது. இந்த முறை நானே முந்திக்கொண்டு அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் என் நாலைப் பிடித்தார்.

மூன்றில் முடிந்தது.