சாம்பல்தீவுச் சூழலில் சூழலிசை: பாண் ஓட்டோவை முன்வைத்து மென்னிசைத் தொகுப்புகளைத் தெரிவுசெய்யும் முறை பற்றிய ஓர் ஆய்வு

பாட்டு வரிகள் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாததுபோல் ஒதுங்கி நிற்கிற, கேட்பவரை எழுப்பாமலும் முற்றாக உறங்கவிடாமலும் நாற்பது ஐம்பது நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கிற வாத்திய இசைத் தொகுப்புகளை ஒருவர் மற்றவருக்குப் பரிந்துரைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆயினும் அத்தொகுப்பு எந்த ஊரில், எந்தக் காற்றுக் காலத்தில், எந்தப் பக்கத்து யன்னல் திறந்திருக்கையில் கேட்கப்படவிருக்கிறது என்று விசாரித்த பின் பரிந்துரைப்பவர் மிக அரியர். நோயாளியைப் பாராமல் குளிசை கொடுப்பதை ஒத்த இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு, திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளியைத் தாண்டி நிலாவெளிக்குப் போகும் வீதியில், ஒரு புறம் கடலும் மறு புறம் களப்புமாகக் கிடக்கும் சாம்பல்தீவு இங்கு ஆய்வுக் களமாகக் கொள்ளப்படுகிறது.

முதலில் சொற்பொருள். சூழலிசை என்பது மெல்ல மாறும் நீண்ட ஒலிகளால், விளக்கு வெளிச்சம் அறையை நிறைப்பதுபோல், ஓர் இடத்தை நிறைப்பதற்கென்றே ஆக்கப்படும் இசையாகும். இச்சொல்லைத் தமிழுக்குப் புதிது என்று கருதுவோர், சாம்பல்தீவு அடங்கியுள்ள நிருவாகப் பிரிவின் பெயரே ‘பட்டினமும் சூழலும்’ என்பதைக் கவனிக்கத் தவறியவராவர். பட்டினத்துக்கு உரிய இசை எதுவென்பதை நகர நிருவாகத்தார் தீர்மானித்துக்கொள்ளலாம். சூழலுக்கு உரியது சூழலிசையே என்பது பிரதேச செயலகப் பெயர்ப் பலகையாலேயே நிறுவப்பட்டுவிட்டது.

இதனோடு உடன்பிறப்பாக வைத்துப் பேசப்படும் மற்றொரு வகையை ‘முற்போக்கு ராக்’ என மொழிபெயர்ப்பதில் ஈழத்துக்கே உரிய இடர் ஒன்று உண்டு. இலங்கைத் தமிழில் முற்போக்கு என்ற சொல்லைக் கேட்டதும் 1950களில் எழுந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், அதற்கு எதிராக எஸ்.பொன்னுத்துரை 1960களில் எழுப்பிய நற்போக்கும் நினைவுக்கு வருமேயன்றி, இங்கிலாந்து இளைஞர் சிலர் மின் கித்தாரோடும் மின்னணு விசைப்பலகையோடும் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படியால் நிரப்பிய செய்தி வராது. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் அவ்வகைத் தொகுப்புகளில் உழைக்கும் வர்க்கம் பற்றி ஒன்றும் கூறப்படுவதில்லை. கூறுவதற்கு வரிகளே பெரும்பாலும் இல்லை. எனவே, நேரம் பற்றிய கவலையின்றி நீளும் இயல்பு கருதி, இக்கட்டுரை அதனை ‘நெடும்போக்கு’ என்றே வழங்கும்.

கவனியாமல் கேட்கப்பட வேண்டிய இசை என்ற கருத்துக்கு முன்னோடி பிரான்சிய இசையமைப்பாளர் எரிக் சாட்டி ஆவார். நாற்காலி மேசைபோல் அறையில் கிடக்கும் இசையொன்றை எண்ணி, அதற்குத் தளபாட இசை எனப் பெயரிட்டு, 1920இல் பாரிஸில் அதனை இடைவேளையில் வாசிப்பித்தபோது, மக்கள் மரியாதையின் பொருட்டு வாய்மூடி அமர்ந்துவிட்டார்கள். பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று அவர் அவர்களிடையே சென்று மன்றாட வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சி சாம்பல்தீவில் நடந்திருக்குமாயின் அவருக்கு அச்சிரமம் நேர்ந்திராது. 1975இல் வாடகைக் கார் மோதிப் படுக்கையிலிருந்த பிரையன் ஈனோ, மிகத் தாழ்ந்த ஒலியில் ஓடிய யாழிசைத் தட்டு ஒன்றைக் கூட்டிவைக்க எழ இயலாமல், வெளியே பெய்த மழையோடு சேர்த்து அதைக் கேட்டுக் கிடந்தார். அங்கிருந்தே அவருடைய கொள்கை பிறந்தது. 1978இல் அவர் ஆக்கிய ‘மியூசிக் ஃபோர் எயார்போர்ட்ஸ்’ என்னும் தொகுப்பே இவ்வகைக்குப் பெயர் தந்தது. கேட்டாலும் சரி, கேளாமல் விட்டாலும் சரி என்று நிற்பதே நல்ல சூழலிசை என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். ஊர்ப் பெரியவர்களின் அறிவுரைக்கும் இவ்வரைவிலக்கணம் பொருந்தும் என்பது ஈண்டு ஆராயத்தக்கதன்று.

இனி, களத்தில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பவை. வைகாசி தொடங்கிச் சில மாதங்கள் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்குக் கச்சான் என்பது பெயர்; அதே பெயரில் கடற்கரையில் வறுத்து விற்கப்படும் கடலைக்கும் இதற்கும் உள்ள உறவை மொழியியலாளரிடம் விட்டுவிடலாம். கச்சான் வீசும்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்க, பனையோலையும் தகரக் கூரையும் பேசும். ஐப்பசிக்குப் பின் வாடை எழும்போது ஓலை ஓய்ந்து கடல் பேசும். கரைவலை இழுப்போர் கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி நடந்தபடி பாடும் அம்பா, சொற்கள் உள்ளதாயினும் இழுப்பின் தாளத்துக்காகவே சொற்களைக் கொண்டதாகையால், பெரும்பாலும் வாத்திய இசை என்ற வகுப்பில் அதனை அடக்குவதில் தடையில்லை.

வீட்டுக்குள் தம்புராவின் இடத்தை வகிப்பது மின்விசிறி. இலங்கையின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று அலைவதால், மின்விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றின் முனகல் அதன் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸில் எழுகிறது; இது மேலைமுறையில் ஜி எனப்படும் சுரத்துக்குச் சற்று மேலே, எந்தக் கட்டைக்கும் சரிவரப் பொருந்தாமல் நிற்கும் சுருதி. வீட்டுக்கு வீடு வேறுபடாமல் நாடு முழுவதும் ஒரே சுருதியில் நிற்பது இது ஒன்றே. 2022 பங்குனியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, நாடு சுருதியை இழந்தது என்று கூறுவது இலக்கணப்படி உருவகமன்று, அளவீடு.

இவ்விடத்தில் ஒரு விலக்கு. ஒலியே அற்ற நீண்ட இடைவெளிகளைக் கொண்ட தொகுப்புகளை மேனாட்டார் உயர்வாகக் கூறுவராயினும், ஊரடங்கு என்ற சொல்லைச் சட்டமாக அறிந்த தலைமுறையினர் வாழும் இல்லங்களுக்கு அவை உகந்தனவல்ல. ஒலி திடீரென அறுந்தால் அவர்கள் ஓய்வு கொள்வதில்லை. எழுந்து சென்று படலையைப் பார்க்கிறார்கள்.

மேற்கூறிய ஒலிகள் யாவும் தொகுப்போடு ஒருவாறு இணங்கிப்போகக் கூடியன. இணங்காதது ஒன்று உண்டு. அதுவே இவ்வாய்வின் மையம். காலையிலும் மாலையிலும் பாண், பணிஸ், மாலுபாண் ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒழுங்கைகளில் வரும் பாண் ஓட்டோ, தன் வரவை உணர்த்தும் பொருட்டு, பீத்தோவன் 1810இல் எழுதியதும் அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1867இல் அச்சேறியதுமான ‘ஃபியூர் எலீஸ்’ என்னும் சிறு பியானோ உருப்படியின் தொடக்கத்தை மின்னணுக் கீச்சொலியில் ஓயாது வாசிக்கிறது. இலங்கையில் மிகுதியாகக் கேட்கப்படும் மேலைச் செவ்வியல் இசை இதுவாகவே இருத்தல் வேண்டும். வியன்னாவில் இதைக் கேட்பவருக்குக் காதல் நினைவு வரலாம். சாம்பல்தீவில் கேட்பவர் சில்லறை தேடுகிறார்.

பாண் ஓட்டோவின் இசையியல் இதுவரை எவராலும் முறையாக ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை. அணுகிவரும் ஒலிமூலத்தின் சுரம் உயர்ந்தும் அகன்றுசெல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை டொப்ளர் விளைவு என்பர். 30 பாகை வெப்பத்தில் காற்றில் ஒலி விநாடிக்கு 349 மீற்றர் செல்லும். ஓட்டோ மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் வாசலைக் கடக்குமாயின், கடக்கு முன்னும் பின்னும் கேட்கும் சுரங்களின் விகிதம் 1.059, இது கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரம். ஒரு தானத்தை 22 அலகாகப் பகுத்த பழந்தமிழ் முறையில் ஏறத்தாழ இரண்டு அலகு. ‘ஃபியூர் எலீஸ்’ தொடங்குவதோ அரைச்சுர இடைவெளியுள்ள இரண்டு சுரங்கள் மாறி மாறி அசைவதால். எனவே அவ்வேகத்தில் வண்டி வாசலைத் தாண்டும் கணத்தில், மேற்சுரம் தானாகவே கீழ்ச்சுரத்தின் இடத்தில் வந்து விழுகிறது. பாட்டு வாசிக்கும் இடைவெளியை வண்டியும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுப் போகிறது. இவ்வளவு அழகிய பொருத்தம் இருந்தும், 36 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரிடம் பாண் வாங்க இயலாது என்பதால், இசையின்பமும் காலைச் சாப்பாடும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விலக்குகின்றன.

இதிலிருந்து பெறப்படுவது பாண் விதி: ஒரு மென்னிசைத் தொகுப்பு ஓடிக்கொண்டிருக்கையில் பாண் ஓட்டோ கடந்துபோனால், அத்தொகுப்பு கெட்டுப்போனதாகத் தோன்றலாகாது, ஓட்டோவும் அதன் பகுதியென்று தோன்றினால் மிக நன்று. ஈனோவின் மேற்படி தொகுப்பு இதில் முதன்மையாகத் தேறுகிறது. அதன் முதல் உருப்படியில் பியானோ ஒரு சுரக்கூட்டத்தை உதிர்த்துவிட்டு, மறந்துபோனதுபோல் நெடுநேரம் விட்டு, மீண்டும் உதிர்க்கிறது. அவ்விடைவெளியில் எலீஸ் வந்து, பணிஸ் விற்று, போய்விட இடம் தாராளமாக உள்ளது. மைக் ஓல்ட்ஃபீல்ட் 1973இல் வெளியிட்ட ‘டியூபுலர் பெல்ஸ்’ நெடும்போக்கின் தலையாய எடுத்துக்காட்டாயினும் தேறாது. அதன் முதற்பகுதியின் இறுதியில் ஒருவர் ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி அறிவிக்கிறார். ஒலிபெருக்கித் தொனியில் ஆண்குரல் அறிவித்தால், அது சல்லி அம்மன் கோயில் திருவிழா அறிவித்தல் என்றோ பிள்ளை ஒன்று காணாமற்போனது என்றோ கருதி வீட்டார் வெளியே வந்துவிடுவர்.

தமிழருக்கு உரியவற்றுள் இளையராஜாவின் இரண்டு தொகுப்புகள் இங்கு ஆராயப்பட வேண்டியன. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டு 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ வி.எஸ்.நரசிம்மனின் வயலினோடு அமைந்தது; சிறந்ததாயிருப்பதே அதன் குறை. ஒரு குரலை மற்றொரு குரல் துரத்திப் பிடிக்கும் பியூக் என்னும் அமைப்பு செவியைப் பிடித்து உட்காரவைத்துவிடுவதால், அது ஓடும் வீட்டில் சோறு அடிப்பிடிக்கும். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ பெரும்பாலும் தேறும். ஆயினும் காற்றைத் தவிர வேறில்லை என்னும் அதன் தலைப்பைக் கச்சான் காலத்தில் சாம்பல்தீவார் கலைப்படைப்பின் பெயராகக் கொள்ளமாட்டார், வானிலை அறிக்கையாகவே கொள்வர். ஆகவே அது வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களுக்கு விதிக்கப்படுகிறது.

ஊரோடு உறவுடைய தொகுப்பு வேண்டுவோர்க்கு, அதே ஓல்ட்ஃபீல்டின் 1994ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘தி சோங்ஸ் ஒஃப் டிஸ்டன்ட் ஏர்த்’ பரிந்துரைக்கத்தக்கது. கடல் சூழ்ந்த கோளொன்றைப் பற்றி ஆதர் சி. கிளார்க் எழுதி 1986இல் வெளிவந்த நாவலை அது தழுவியது. கிளார்க்கோ 1956இல் இலங்கைக்கு வந்து, மைக் வில்சனோடு திருகோணமலைச் சுவாமிமலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களைக் கண்டவர். கோணேசர் கடலில் நனைந்தவர் எழுதியதைத் தழுவிய இசையை வெளியூர் இசை என்று ஒதுக்க நியாயமில்லை.

உள்ளூர்த் தயாரிப்புக்கும் இடமுண்டு. போலின் ஒலிவெரோஸ் அக்கோடியனோடும், அவருடைய தோழர்கள் டிராம்போன் முதலியவற்றோடும், 1988இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கி, எழுப்பிய ஒலி 45 விநாடி அடங்காமல் சுழலும் அவ்விடத்தில் ‘டீப் லிசனிங்’ என்னும் தொகுப்பைப் பதிந்தனர். ஸ்கொட்லாந்தில் பிரித்தானியக் கடற்படை நிலத்தடியில் அமைத்த இன்ச்சின்டவுன் எண்ணெய்த் தாங்கியில், ஒலியியல் பேராசிரியர் டிரெவர் கொக்ஸ் 2012இல் வெற்றுத் தோட்டா சுட்டு அளந்தபோது, 125 ஹேர்ட்ஸ் ஒலி ஓய 112 விநாடி எடுத்தது. பிரித்தானியர் சீனக்குடாவில் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகள் 99. அவற்றை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று அரசாங்கங்கள் பல ஆண்டுகளாகப் பேசிவந்தும், ஒன்றையேனும் ஒரு நாதஸ்வரக்காரருக்கு ஒரு பிற்பகலுக்குக் கொடுக்கும் யோசனை எப்பேச்சுவார்த்தையிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

இறுதியாக, மனிதர் ஆக்காத தொகுப்புகள். மட்டக்களப்பு வாவியில் நிலவுக் காலத்து இரவுகளில் தோணியின் துடுப்பைக் காதோடு வைத்துக் கேட்கப்படும் பாடும் மீன் இவ்வகையில் புகழ்பெற்றது. 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவரும் திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றியவருமான விபுலாநந்த அடிகள் அவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கொண்டு பாடியுள்ளார். திருகோணமலைக்கு அதனினும் பெரிய பாடகர் உண்டு. 1984இல் இத்துறைமுகத்துக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களின் பாட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டது. வடக்கு இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலப் பாட்டு வகை ஆய்வாளரிடையே இலங்கையின் பெயராலேயே வழங்குகிறது. தாழ்ந்த உறுமலும், எழும் ஒலியும், பின் அரை நிமிடத்தை அண்டி நீளும் ஒற்றைச் சுரமுமாகத் திரும்பத் திரும்ப வரும் இப்பாட்டு, நெடும்போக்கின் இலக்கணம் அனைத்தையும் நிறைவுசெய்கிறது. பாண் ஓட்டோவால் குலைக்கப்படாத ஒரே இசையும் இதுவே, கடலுக்குள் பாண்காரர் வருவதில்லையாகையால். கைத்தொலைபேசியின் சிறு ஸ்பீக்கருக்கு இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரிவர எழுப்பும் வலு இல்லாததால், அதில் இத்தொகுப்பை ஓடவிடுபவர்க்குப் பெரும்பாலும் எதுவும் கேட்காது.

இதில் இன்னுமொரு செய்தி உண்டு. உலகெங்குமுள்ள நீலத் திமிங்கிலங்கள் காரணம் தெளிவுபடாத வகையில் ஆண்டுதோறும் தம் சுருதியைச் சிறிது சிறிதாக இறக்கி வருகின்றன. இலங்கைப் பாட்டின் அந்த நீண்ட கடைச் சுரமும், 100 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து, அவ்வாறே இறங்கி வந்திருக்கிறது. அதாவது சாம்பல்தீவு வீடுகளின் மின்விசிறிச் சுருதியை நோக்கி. கடலும் வீடும் ஒரே கட்டையில் நிற்கும் அந்த இரவில் மின்சார சபையார் மின்வெட்டு அறிவியாதிருக்க வேண்டும்.