முழங்கால் வழங்கும் அனுமதி

கேள்வி: 55 வயதில் சேமலாப நிதி கைக்கு வந்த பிறகு, ஹட்டன் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பழகுவது நடக்கிற காரியமா?

பதில்: இலங்கைச் சட்டம் 18 வயது என்ற கீழெல்லையை வகுத்து, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழையும் கேட்கிறது, மேலெல்லையை வகுக்கும் பொறுப்பை முழங்கால் ஏற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனிலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குத் தலவாக்கலை, நானுஓயா வழியாகச் செல்லும் ஏ7 வீதியில், ஏற்றத்தின் கவலை எஞ்சினுடையது. ஓட்டுபவர் அஞ்ச வேண்டியது இறக்கத்துக்கே. பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், தாழ்ந்த கியரில் எஞ்சினின் இழுவையைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் 'எஞ்சின் பிரேக்கிங்' முறையை, இளைஞர் விழுந்து கற்கட்டும், முதியவர் கேட்டுக் கற்பதே எலும்புக்கு நல்லது. விடியற்காலைக் குளிரில் விரல் விறைத்து, க்ளச் எது, பிரேக் எது என்பதே மறந்துபோகும். கையுறையை அலங்காரமென்று கருதுவோருக்கு, பனிமூட்டத்துள்ளிருந்து கொழுந்து லொறி வெளிப்படும் கணத்தில் கருத்தை மாற்றிக்கொள்ள நேரம் போதாது. பழகிய பிறகும் இடைவிடாது ஓட்ட வேண்டும்: லயத்து வாசலில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் வண்டியில் பாட்டரி மட்டுமா இறங்குகிறது, உடையவரின் துணிச்சலும் சேர்ந்தே இறங்குகிறது, பாட்டரியையாவது ஹட்டன் கடைத்தெருவில் மாற்றிக்கொள்ளலாம்.